நாலரை

ஞாயிறு இரவுகளில் சமையலறை விளக்கடியில்
யொவ்னி என் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான்.
மானியின் முள் நாலரையைத் தொடும்வரை
குனிந்து நிமிர்ந்து குனிந்து,
காதுமடல் சிவக்க.
அடுப்பில் காப்பி பொங்கி அடங்குகிறது.
"வெளியே கழித்தல் இருபத்திரண்டு.
குளிர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்,
அதையும் சேர்த்துத்தான்" என்கிறான்.
கணக்குச் சரி.
அவன் கணக்கு எப்போதும் சரி.

மூன்றரை மணிக்கு ஔலுவில் தெருவிளக்குகள் மட்டும்
வேலையில் இருக்கின்றன.
நூற்றுப் பதினேழு செய்தித்தாள்கள்,
பெரும்பாதி பின்பையில்
மிச்சம் முன்கூடையில்.
வியாழனன்று இளகி வெள்ளியன்று இறுகிய பாதையில்
போனவர் வந்தவர் சக்கரத் தடமெல்லாம்
அப்படியே கல்லாகிக் கிடக்கிறது.

கல்லின் மேல் கல்லை உருட்டினால்
அது எங்கே நிற்கும்?
நாலரை டயர் தரையைத் தொடுகிறதே ஒழிய
தரையோடு பேசுவதில்லை.
ஒரு கட்டைவிரல் அகலம்தான் உறவு.
வரம்புக்கு வரம்பு துள்ளுகிறது,
துள்ளும்போதெல்லாம் நான் யாருமில்லாத
ஒரு நொடியில் இருக்கிறேன்.

அதனால் கைப்பிடியை நெரித்தேன்.
தோள் வரை இறுகினேன்.
இறுகப் பிடிக்கப் பிடிக்க
சைக்கிள் என் பயத்தைப் படித்துப்
பெரிதாக்கி எனக்கே திருப்பியது.
இடப்பக்கம் ஓர் இழுப்பு, நான் வலப்பக்கம்,
அது இன்னும் இடப்பக்கம்.
பாலத்துக்குக் கீழே திரும்பும் வளைவில்
விழப்போகிறேன் என்று நினைப்பதற்குள்
விழுந்து முடித்திருந்தேன்.

முன்சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.
முதல் பக்கத்து அமைச்சர்
இருபது முப்பது இடங்களில்
பனிக்குள் முகம் புதைத்துக் கிடந்தார்.

உட்கார்ந்தபடியே கையுறையைக் கழற்றினேன்.
வால்வு முனையில் நகம் வைத்தேன்.
ஆற்றங்கரை முழுக்க அந்த ஒரு சத்தம்தான்.
முதலில் ரப்பர் வாசனை.
அதனடியில், சத்தியமாய், காப்பி.
குனிந்து நிமிர்ந்து அவன் அடைத்த
எங்கள் சமையலறையை
கொஞ்சம் கொஞ்சமாய் இருட்டில் விட்டேன்.
விரல் மரத்துப்போனதும் நிறுத்தினேன்.
இரண்டு இருக்கலாம். மானி இல்லை.
அமுக்கிய கட்டைவிரலுக்கு இடம் கொடுத்தது,
அவ்வளவு போதும்.

பிறகு டயருக்கு வயிறு வந்தது.
ஒவ்வொரு வரம்பையும் வாங்கி
உள்ளே அமிழ்த்திவிட்டு நகர்ந்தது.
பிடிமானம் வேறு, பிடிவாதம் வேறு.
ஒரே சொல்லின் வேரிலிருந்து இரண்டும் வந்ததில்
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.
கையையும் தளர்த்தினேன்,
அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைப் பிடிக்கிற அளவுக்கு.
முன்சக்கரம் தடத்துக்குள் சற்று அலைந்தது.
அலையட்டும் என்று இருந்தேன்.
அலைந்துவிட்டுத் தானே நேரானது.

ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை.
பாலத்து ஏற்றத்தில் தொடை எரிந்தது,
யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல.
இருபத்தைந்து நிமிடம் தாமதம்.
ஹைக்கியோ வீட்டு அம்மாள் கதவிடுக்கில்
பேசாமல் கடிகாரத்தைக் காட்டினாள்.
நான் நனைந்த அமைச்சரைக் கொடுத்தேன்.

வீட்டில் யொவ்னி கேட்டான்,
"காற்று எப்படி இருந்தது?"
"இருந்தது."
முழங்கைச் சிராய்ப்பைக் கம்பளிச் சட்டை மூடியிருந்தது.
அவன் போய் டயரை அமுக்கிப் பார்த்தான்.
திரும்பவும் அமுக்கினான்.
"வால்வு ஒழுகுது, சைலா" என்றான்,
என்னவோ தன் தப்புப் போல.
சனிக்கிழமை கடைக்குப் போய்ப்
புது வால்வுகள் இரண்டு வாங்கி வந்தான்,
பித்தளையில், கொஞ்சம் விலை கூட.

இந்த ஞாயிறும் நாலரை.
அவன் குனிகிறான், நிமிர்கிறான்.
பம்பின் தலையை நான்
இறுகப் பிடித்துக்கொள்கிறேன்,
காற்று வீணாகாமல்.